மண்ணெண்ணெயும் சொட்டு மருந்தும்

தடுப்பூசி ஏற்றப்படாத பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பெற்றோரின் அறியாமையைக் காரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. எமது வடபகுதியின் வரலாறோ வேறொரு விடையைச் சொல்கிறது.

இலங்கையில் விரிவாக்கப்பட்ட தடுப்பு மருந்துத் திட்டம் 1978இல் ஆரம்பமாயிற்று. சின்னமுத்துத் தடுப்பூசி 1984இல் அதனுடன் சேர்ந்தது. கிராமத்து மருத்துவிச்சியும் கிளினிக்கும் அதன் இரு கால்கள். பிள்ளையின் அட்டையைக் காணி உறுதியோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்த தாய்மாரை நாமறிவோம்.

1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. போலியோச் சொட்டு மருந்து வெப்பத்தில் மிக விரைவாகப் பழுதாவது. பிள்ளையின் வாய்க்குப் போகும்வரை குளிர் அறக்கூடாது. மின்சாரமில்லாத இடத்தில் மண்ணெண்ணெய்க் குளிர்சாதனப் பெட்டிதான் கதி. மண்ணெண்ணெயோ பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்ட பொருள். மருந்துகள் போவதற்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். ஆக, இரண்டு சொட்டு மருந்து கொழும்பில் இடப்படும் ஒரு கையொப்பத்தையும் ஒரு போத்தல் எண்ணெயையும் நம்பியிருந்தது.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது மற்றச் சங்கிலியும் அறுந்தது. பதிவேடு ஓரிடம், மருத்துவிச்சி ஓரிடம், பிள்ளை வேறிடம். அட்டையும் வழியில் தொலைந்தால் எஞ்சியது தாயின் ஞாபகம் மட்டுமே.

இதற்கிடையில் ஒரு விதிவிலக்கும் உண்டு. 1985இல் எல் சல்வடோரில் உள்நாட்டுப் போரின் நடுவே தடுப்பூசிக்காக மூன்று நாட்கள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. யுனிசெப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இடைநின்றன. அவ்வழியில், இலங்கையிலும் 1995 தொடக்கம் போலியோ ஒழிப்பு நாட்களுக்காகச் சண்டையை நிறுத்த அரசும் விடுதலைப் புலிகளும் இணங்கினர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து போய்ச் சேர்ந்தது. 1993க்குப் பின் இலங்கையில் போலியோ நோயாளர் எவரும் பதிவாகவில்லை. 2014 மார்ச்சில் தென்கிழக்காசியப் பிராந்தியமே போலியோ அற்றதெனச் சான்று பெற்றது.

இது பெரிய காரியந்தான். எனினும், ஒருநாள் திறக்கக்கூடிய பாதை மறுநாள் ஏன் மூடப்பட்டது என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. சொட்டு மருந்தைத் தொண்டர் ஒருவரும் ஊட்டிவிடலாம். முக்கூட்டு ஊசிக்கும் சின்னமுத்து ஊசிக்கும் பயிற்சி பெற்ற கையும், மாதந்தோறும் தவறாத கிளினிக்கும் வேண்டும். ஒருநாள் சமாதானம் அவற்றைத் தராது.

ஒன்ராறியோவில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாடசாலைப் பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவு கேட்கப்படுகிறது. பதிவில்லாத பிள்ளைக்கு முதலிலிருந்து ஊசி போடுவதே நடைமுறை. வெறுங்கையோடு வந்து நின்ற எம் தாய்மாரை அசட்டையானவர்கள் என்று எண்ணுவோர், அந்த அட்டை எந்தெந்தத் தடைகளைக் கடந்து வந்திருக்க வேண்டும் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.