செவி வகுத்த எதுகை

ராப் என்னும் பாட்டின் பெயரைக் கேட்ட அளவிலேயே முகஞ்சுளிக்கும் படித்தவர் பலர் உளர். அவர்கள் அதன்மீது சாட்டும் குற்றங்களுள் தலையாயது, "அதில் எதுகை சரியில்லை" என்பதாகும். ஓரடி 'டைம்' என முடிய, அடுத்த அடி 'மைன்' என முடியுமாயின், இலக்கணம் அறியாதான் செய்த பிழை என்று தள்ளிவிடுகின்றனர். அது பிழையோ நெறியோ என்பதை அப்பாட்டின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் கறுப்பின மக்களும் தீவுகளிலிருந்து குடியேறியோரும் வறுமையில் வாழ்ந்த காலம் அது. ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர், 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், செட்ஜ்விக் அவென்யூவிலுள்ள 1520-ஆம் எண் கட்டடத்தில் தம் சகோதரி நடத்திய விருந்துக்கு இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாடுவோர் குரல் ஓய்ந்து முரசு மட்டும் ஒலிக்கும் சிறு இடத்தை, இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி வைத்து நீட்டிக் காட்டியது அவர் கண்ட புதுமை. அம்முரசின்மேல் கூட்டத்தைக் கிளர்ச்சியூட்டச் சொன்ன சொற்களே பின்னர்ப் பாட்டாயின.

1979-இல் வெளிவந்த 'ராப்பர்ஸ் டிலைட்' என்னும் இசைத்தட்டு அதனை நாடெங்கும் பரப்பியது. அந்நாளைய எதுகை மிக எளியது. நான்கு தாளங்கொண்டது ஓரடி. நான்காம் தாளத்தில் ஒரு சொல் விழும். அடுத்த அடியின் நான்காம் தாளத்தில் அதற்கு ஒத்த சொல் விழும். வரப்போகும் சொல்லைக் கேட்பவன் முன்னரே ஊகித்துவிடுவான். ஆங்கிலத்துக்கு இதில் ஓர் இயற்கை இடரும் உண்டு. தமிழில் 'வந்தான்', 'சென்றான்' என வினைமுற்றுகள் தாமே ஒத்து நிற்கும். அத்தகைய விகுதி வளம் ஆங்கிலத்துக்கு இல்லை. ஆதலின் முற்றும் ஒத்த ஒலியையே தேடுவோர், தேய்ந்துபோன சொற்சோடிகளிலேயே மீண்டும் மீண்டும் வந்து விழுவர்.

இக்கட்டை உடைத்தவருள் முதன்மையானவர் லாங் ஐலண்டைச் சேர்ந்த ராக்கிம். சாக்சபோன் வாசித்துப் பழகியவர். ஜான் கோல்ட்ரேனின் இசையைத் தமக்கு வழிகாட்டியாகக் கூறியவர். எரிக் பி. என்பாரோடு அவர் 1987-இல் வெளியிட்ட 'பெய்ட் இன் ஃபுல்' தொகுதியில் எதுகை அடியின் இறுதியிலேயே கட்டுண்டு கிடக்கவில்லை. அது அடியின் நடுவிலும் வந்தது; ஓரடியில் தொடங்கிய சொற்றொடர் அடுத்த அடிக்குள் வழிந்தது. 1989-இல் 'ரோடு டு தி ரிச்சஸ்' தொகுதியை வெளியிட்ட கூல் ஜி ராப் என்பார், பல அசைகளைச் சேர்த்து ஒத்திசைக்கும் முறையை வளர்த்தார்.

அம்முறை யாதெனின், யாம் கட்டிய இரு தொடர்களைக் கொண்டு விளக்குவோம். 'ப்ரோக்கன் கிளாஸ்' என்றால் உடைந்த கண்ணாடி. 'ஓப்பன் பாத்' என்றால் திறந்த பாதை. எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் உறவில்லை. வாய்விட்டுச் சொன்னால் முதலசையில் ஓகாரம், இரண்டாவதில் குறுகிய அகரம், மூன்றாவதில் ஆகாரம் போன்றதோர் ஒலி என உயிர்கள் மூன்றும் வரிசை தவறாமல் ஒக்கின்றன. மெய்கள் வேறாயினும் ககரமும் பகரமும் வல்லெழுத்துகள். இறுதியிலுள்ள இரண்டும் காற்றை உரசிவிடும் ஒலிகள். முரசின் அடி அந்த உயிர்களின்மேல் விழும்போது, மெய்யின் வேறுபாட்டைச் செவி பொருட்படுத்துவதில்லை. 'டைம்', 'மைன்' என்பவற்றின் நிலையும் அதுவே. ஐகாரம் பொது, மகரமும் னகரமும் மெல்லினம்.

இதைக் கேட்கும் தமிழருக்கு வியப்பு எதற்கு? அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகை, மெய் வேறாயினும் உயிர் ஒத்து வருவதை உயிரெதுகை என்றும், வல்லினம், மெல்லினம், இடையினம் என இனம் ஒத்து வருவதை இனவெதுகை என்றும் பெயரிட்டு ஏற்றுக்கொண்டுள்ளது. நம் எதுகை சொல்லின் இரண்டாம் எழுத்தில் நிற்க, ஆங்கிலத்தார் ஒத்திசை நம் இயைபைப்போல் அடியின் இறுதியில் நிற்பது என்னவோ உண்மை. ஆயின் அனுமதியின் காரணம் இரண்டிடத்தும் ஒன்றே.

ஆங்கிலப் புலவருள்ளும் இதற்கு முன்னோர் உண்டு. எமிலி டிக்கின்சன் அம்மையார் 1886-இல் காலமானார். 1890-இல் அவர் பாடல்களை முதன்முதல் அச்சிட்டவர்கள், நிறைவில்லா ஒத்திசை எனத் தாங்கள் கருதியவற்றுள் சிலவற்றைத் 'திருத்தி'விட்டனர்! அவர் எழுதியபடியே தாமஸ் ஜான்சன் பதிப்பித்து வெளியிட 1955 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று அம்மையாருக்குச் செய்ததையே இன்று பிராங்ஸ் தெருவின் பிள்ளைகளுக்கும் செய்ய நினைப்பது நியாயமாகாது.

'ஆரஞ்சு' என்னும் சொல்லுக்கு ஒத்திசையே இல்லை என்பது ஆங்கிலத்தார் நெடுநாள் நம்பிக்கை. டெட்ராய்ட் நகரத்து எமினெம் 2010-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அதனைச் சற்றே வளைத்து உச்சரித்து, கதவுக்கீலைக் குறிக்கும் 'டோர் ஹிஞ்ச்', கஞ்சியைக் குறிக்கும் 'போரிஜ்' ஆகியவற்றோடு இணைத்துக் காட்டினார். அகராதி காட்டாத ஒத்திசையை நாக்கு காட்டிவிட்டது. இவ்வித்தையில் அபாயமும் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. உயிர்களை அடுக்கும் ஆசையில் பொருளைக் கைவிட்டு வெறும் சொற்கோவை செய்வோரும் பலர். நம் சித்திரகவிகளைப் படித்தோர்க்கு அந்நோய் புதிதன்று.

2018-இல் கெண்ட்ரிக் லாமரின் ராப் தொகுதியொன்றுக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிட்டியது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 2006-இல், மலேசியாவின் யோகி பி மற்றும் நட்சத்திரா குழுவினர் 'வல்லவன்' தொகுதியில் தமிழையே ராப்பாக ஓதினர். அடி முதலில் எதுகை, அடி இறுதியில் இயைபு என இரண்டு முனையிலும் பிடி உள்ள மொழி அவர்கள் கையில் இருந்தது.