சோழவரம் ஓடுதளம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை



போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் யார் முந்துவது என்று போட்டி வைத்து, சில தம்பிகள் எனக்கே வீடியோ அனுப்புகிறார்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிய ஜீப் எதிரே வரும் சாலை அது! அதனால்தான் பந்தயத் தடத்தின் கதையை எழுதுகிறேன்.

சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா சாலையில் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அங்கே இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது. ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். விஜய் மல்லையாகூட அங்கே கார் ஓட்டியவர்தான். ஆனால் அது விமானத்துக்காகப் போட்ட தளம். கேலரி, பிட் எல்லாம் பந்தயத்துக்காக அவ்வப்போது செய்துகொள்ளும் ஏற்பாடுதான்.

பிட் என்றால் பரீட்சை பிட் இல்லை, சிரிக்காதீர்கள்! பந்தய நடுவில் வண்டியை ஓரங்கட்டிப் பழுது பார்க்கும் இடம். அதன் அருமையை உலகம் 1955-ல் பிரான்சின் லே மான்ஸில் உணர்ந்தது. அங்கே தடத்துக்கும் பிட்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. பிட்டுக்குள் போக ஒரு கார் வேகத்தைக் குறைத்தது, பின்னால் வந்த கார் விலகியது, அதன்மேல் மோதிய மூன்றாவது கார் எதிரே நின்ற கூட்டத்தில் பாய்ந்தது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பிறகு பிட்டையும் கேலரியையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள்.

நம் கிளப்பின் சொந்தத் தடம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர். பிட், கேலரி, கட்டுப்பாட்டு அறை எல்லாம் நிரந்தரக் கட்டடங்கள். வண்டி நுழைய, வெளியேறத் தனிப்பாதை. எல்லோரும் ஒரே திசையில் ஓட்டுகிறார்கள். யாராவது விழுந்தால் சிவப்புக் கொடி, உடனே ஆம்புலன்ஸ்.

அப்படியிருந்தும், 2023 ஆகஸ்டில் அங்கே நடந்த தேசியப் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். மிச்சப் பந்தயங்களை ரத்து செய்தார்கள். ஆம்புலன்ஸ் தயாராக நின்ற இடத்திலேயே இப்படி என்றால், மெட்டில் விழுந்தவனைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆசை இருக்கிறவர்களுக்குக் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது, நமக்கு அதுதான் கிட்டக்க. பந்தய நாளில் போய் கேலரியில் உட்கார்ந்து பாருங்கள். வீடியோவை அங்கிருந்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.