காசி குன்றுகளிலிருந்து கப்பல் ஏறிய ஆர்க்கிட்

மேகாலயாவின் காசி குன்றுகளில் 1850 அக்டோபரில் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் நீல வாண்டா ஆர்க்கிட்டை ஏழு ஆள் சுமையாகச் சேகரித்தார். லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பிய அந்தச் சுமையில் உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில. அவர் வழியாக இடத்தைத் தெரிந்துகொண்ட இன்னொருவர் அனுப்பியது ஒரே ஓர் ஆள் சுமைதான்; அது வாடி வதங்கிப் போய்ச் சேர்ந்தும் 300 பவுண்டுக்கு விலைபோனது. காட்டைச் சூறையாடும் ஆசைக்கு அந்த விலையே போதுமானதாக இருந்தது.

வாண்டாவுக்குத் தண்ணீர் சேமிக்கும் தடித்த தண்டு கிடையாது. அத்தண்டுள்ள இனங்களை வேர் உலர்ந்த நிலையில், காற்றோட்டமாகக் கட்டினால் வாரக்கணக்கில் தாங்கும். ஈரத்தோடு பொதிந்தால் கப்பலின் புழுக்கத்தில் அழுகிவிடும். 1833இல் நதானியேல் வார்டின் மூடிய கண்ணாடிப் பெட்டி பெரணிகளை லண்டனிலிருந்து சிட்னிக்குப் பத்திரமாகச் சேர்த்தது. மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டுக்கோ அந்த ஈரமே பகையாகலாம்.

பெங்களூரு சிவாஜிநகரின் ரசல் மார்க்கெட் போன்ற சந்தைகளுக்கு ஆர்க்கிட் இன்று பெரும்பாலும் வெட்டிய கொத்தாகவே வருகிறது. காம்பு நுனியில் ரப்பர் மூடியிட்ட சிறு தண்ணீர்க் குப்பி செருகியிருக்கும். ரோஜாவுக்கு ஏற்ற குளிர் இதற்கு ஆகாது. வெப்பமண்டல இனங்களைப் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்தால் இதழ் நிறம் மாறி வாடிவிடும்.