மௌன நாள்

பால்புதுமை மாணவர்கள் கல்விக்கூடங்களில் படும் கேலி, வசவு, அடி ஆகியவற்றை எதிர்த்து அமெரிக்க மாணவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் அறப்போராட்டம் மௌன நாள். கேலிக்கு அஞ்சித் தங்களை வெளிக்காட்டிக்கொள்ளாமல் நாள்களைக் கடத்துபவர்களின் நிலையைப் பிறருக்கு உணர்த்த, பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில், ஒரு பகல் முழுவதும் மாணவர்கள் பேசாமல் இருப்பார்கள்.

1996-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இது தொடங்கியது. அறவழிப் போராட்டம் பற்றிய ஒரு பாடத்தின் பயிற்சியாக இதைத் திட்டமிட்டவர் மாணவி மரியா புல்செட்டி. கருத்தரங்கு வைத்தால் ஏற்கெனவே விவரம் தெரிந்தவர்கள்தான் வருவார்கள், எல்லோர் கண்ணிலும் படும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். முதல் ஆண்டில் சுமார் 150 மாணவர்கள் கலந்துகொண்டார்கள். மறு ஆண்டே ஏறத்தாழ நூறு கல்லூரிகளுக்குப் பரவியது. பள்ளிகளில் பால்புதுமையினரின் நலனுக்காக 1990-இல் பாஸ்டன் பகுதி ஆசிரியர்கள் தொடங்கிய கிளிசன் அமைப்பு பின்னர் இதன் ஒருங்கிணைப்பை ஏற்றது. உயர்நிலைப் பள்ளிகளில் இது வேரூன்றியது அதன் பிறகுதான்.

நடைமுறை மிக எளிது. யாராவது பேச்சுக் கொடுத்தால் மாணவர் ஒரு சிறு அட்டையை நீட்டுவார். தான் ஏன் பேசவில்லை என்பது அதில் அச்சாகியிருக்கும். சாப்பாட்டு இடைவேளையிலும் நடைக்கூடத்திலும் வாய் திறக்காமல் இருக்க மாணவருக்கு உரிமை உண்டு. ஆனால் வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் பலர் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவைத்து, எழுத்தில் விடை தர அனுமதி வாங்கிக்கொள்வார்கள். மாலையில் கூடிப் பேசி மௌனத்தைக் கலைப்பதும் பல இடங்களில் வழக்கம்.

எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. 2004-இல் கலிபோர்னியாவின் போவே உயர்நிலைப் பள்ளியில், மௌன நாளுக்கு எதிர்வினையாகத் தன்பாலீர்ப்பைக் கண்டிக்கும் வாசகத்தைச் சட்டையில் எழுதி வந்த மாணவரைப் பள்ளி தடுத்தது; அவர் வழக்குத் தொடுத்தார். 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம், வழக்குக்கு இனிப் பொருளில்லை எனக் கருதி அந்தத் தீர்ப்பை நீக்கியது. பழைமைவாதக் கிறிஸ்தவ அமைப்பு ஒன்று 2005-இல் 'உண்மை நாள்' என்ற போட்டி நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதைப் பின்னர் ஏற்று நடத்திய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு, கேலியால் மாணவர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்ட 2010-இல், அதிலிருந்து விலகியது.

இந்தப் போராட்டம் எவ்வளவு தேவையானது என்பதை இரண்டு சாவுகள் காட்டின. 2008 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் 15 வயது லாரன்ஸ் கிங்கை, உடன் படித்த 14 வயது மாணவன் வகுப்பறையிலேயே சுட்டான். அவ்வாண்டின் மௌன நாள் லாரன்ஸின் நினைவுக்கே அளிக்கப்பட்டது. 2009 ஏப்ரலில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் 11 வயது கார்ல் வாக்கர்-ஹூவர் தற்கொலை செய்துகொண்டான். அவன் தன்னைத் தன்பாலீர்ப்பாளன் என்று சொல்லிக்கொண்டவன் அல்லன். ஆனாலும் பள்ளியில் நாள் தவறாமல் அப்படிச் சொல்லியே அவனைச் சீண்டினார்கள். அவனுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்திருக்க வேண்டிய ஏப்ரல் 17, அந்த ஆண்டின் மௌன நாள். இந்த வசவு யார் மீதும் பாயும் என்பதற்கு அவன் சாவைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அவன் தாய் சர்டீனர் வாக்கர் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். 2010 மே மாதம் மாசசூசெட்ஸ், ஒவ்வொரு பள்ளியும் கேலிக்கொடுமையைத் தடுக்கும் திட்டம் வகுக்க வேண்டும், அக்கொடுமையைக் காணும் ஊழியர் தலைமையாசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது.

பிந்தைய ஆண்டுகளில் பல மாநிலங்கள் வகுப்பறையில் பாலீர்ப்பு, பாலின அடையாளம் பற்றிப் பேசுவதையே கட்டுப்படுத்தின. புளோரிடாவின் 2022 சட்டம் அவற்றுள் பெரிதும் பேசப்பட்டது. சட்டமே வாயை அடைக்கும்போது மௌனம் மட்டும் போதாது என்ற குரல் வலுத்தது. 2024-இல் கிளிசன் இந்நாளின் பெயரை மாற்றி, மாணவர்களைக் குரல் எழுப்ப அழைத்தது.