கொக்கோவும் மனச்சான்றும்: கேட்பரி குடும்பத்தாரின் எட்டு ஆண்டுகள்



கேட்பரி என்னும் பெயரை அறியாத பிள்ளை நம் வகுப்பறைகளில் இருக்க முடியாது. ஊதா நிறத் தாள் சுற்றிய அந்தச் சாக்லெட் எப்படியோ பிள்ளைகளின் பைக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சமய வரலாறு உண்டு என்பதையும், அவ்வரலாற்றின் நடுவே ஒரு நீதிமன்ற வழக்கு நிற்கிறது என்பதையும் அறிந்தவர் சிலரே.

செல்வன் விண்ணரசுக்குள் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதுக்குள் நுழைவது எளிது என்று இயேசு சொன்னதாக நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. அப்படியானால், அவரைப் பின்பற்றுவோர் தொழில் தொடங்கிப் பெரும்பொருள் ஈட்டுவது எங்ஙனம்? கிறித்தவ உலகம் இரண்டாயிரம் ஆண்டுகளாக இவ்வினாவுக்குப் பலவாறு விடை கூறி வந்துள்ளது. அவ்விடைகளைப் போதனைகளில் தேடுவதைவிட, கணக்குப் புத்தகங்களில் தேடுவது பயன் தரும் என்பது என் கருத்து. எனவே, ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கேட்பரி குடும்பத்தார் குவேக்கர் என்றழைக்கப்படும் நண்பர்கள் கழகத்தைச் சேர்ந்தவர்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றித் தோன்றிய பிரிவு இது. குருமார் இல்லை, சடங்கு இல்லை, மௌனமாக அமர்ந்திருப்பதே வழிபாடு. போரிட மாட்டார்கள். எவ்விடத்திலும் சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள். "எப்போதும் உண்மையே பேசுகிறவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு?" என்பது அவர்களுடைய வாதம். இந்தப் பிடிவாதத்தால் அரசுப் பதவிகள் அவர்களுக்கு அடைபட்டன. ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் வாயில்களும் நெடுங்காலம் மூடியே இருந்தன. சமயச் சோதனைகளை நீக்கும் சட்டம் 1871இல்தான் வந்தது. படையில் சேர்வதற்கு அவர்களுடைய கொள்கையே தடை. படித்த, ஊக்கமுள்ள இளைஞனுக்கு எஞ்சியிருந்த வழி வணிகம் ஒன்றுதான்.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளையின் எதிர்காலம் இருண்டுவிட்டது என்று கலங்கும் பெற்றோர் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். பார்க்லேஸ், லாயிட்ஸ் ஆகிய வங்கிகள், கிளார்க்ஸ் காலணி, பிரிஸ்டலின் ஃப்ரை, யார்க்கின் ரௌன்ட்ரீ, பர்மிங்ஹாமின் கேட்பரி ஆகிய மூன்று சாக்லெட் நிறுவனங்கள் - இவை அனைத்தும் மக்கள்தொகையில் மிகச் சிறிய பங்கினரான இந்தக் குவேக்கர்களிடமிருந்து தோன்றியவை.

அவர்களுடைய வணிகத்தில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதலாவது, ஒரே விலை. அக்காலக் கடைகளில் பேரம் பேசுவதே நடைமுறை. விற்பவன் மிகுதியாகச் சொல்வான். வாங்குபவன் குறைத்துக் கேட்பான். இருவருக்கும் தாம் சொல்வது உண்மையன்று என்பது தெரியும். குவேக்கர்கள் இதைப் பொய் என்று கருதி, கொடுக்கத் தக்க விலையை முதலிலேயே சொன்னார்கள். தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் விலகிப் போனதாகவும், பிறகு ஒரு சிறு பிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்று கண்டு திரும்பி வந்ததாகவும் ஃபாக்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கொள்வதையும் மிகையாகக் கொள்ளாது, கொடுப்பதையும் குறைவாகக் கொடாது வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலையில் கண்ட தமிழாசிரியர்களுக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது.

இரண்டாவது வழக்கம் கடுமையானது. ஒருவருடைய தொழில் அவருடைய சொந்த விவகாரமாக விடப்படவில்லை. சபையார் விசாரிப்பார்கள், கடன் மிகுந்தால் கண்டிப்பார்கள், பிறர் பணத்தை இழக்கச் செய்து நொடித்துப் போனவரைச் சபையிலிருந்தே நீக்குவார்கள். சிறைச்சாலைச் சீர்திருத்தத்தால் புகழ்பெற்ற எலிசபெத் ஃப்ரையின் கணவர் ஜோசப் ஃப்ரை 1828இல் தம் வங்கி முறிந்தபோது அவ்வாறே நீக்கப்பட்டார். மனைவியின் புகழ் அவரைக் காக்கவில்லை. நொடிக்க அஞ்சும் சமூகத்திற்குக் கடன் கொடுக்க யார்தான் தயங்குவார்?

இனிக் கேட்பரி குடும்பத்திற்கு வருவோம். ஜான் கேட்பரி 1824இல் பர்மிங்ஹாம் நகரின் புல் வீதியில் தேயிலை, காப்பி, கொக்கோ விற்கும் கடை ஒன்றைத் திறந்தார். மதுவால் குடும்பங்கள் அழிவதைக் கண்ட குவேக்கர்களுக்கு, மதுவுக்கு மாற்றான பானம் விற்பது வணிகமாகவும் இருந்தது, தொண்டாகவும் இருந்தது. 1861இல் தொழில் நலிந்த நிலையில் அவருடைய மக்கள் ரிச்சர்டும் ஜார்ஜும் பொறுப்பேற்றனர். அண்ணனுக்கு அகவை 25, தம்பிக்கு 21. தாய்வழி வந்த சொத்தைக் கொட்டியும் முதல் ஆண்டுகளில் இழப்பே மிஞ்சியது.

அன்று விற்ற கொக்கோவில் கொக்கோ குறைவு; உருளைக்கிழங்கு மாவு, சவ்வரிசி மாவு, வெல்லப்பாகு ஆகியவை மிகுதி. கேட்பரியின் சரக்கும் இதற்கு விலக்கன்று. கொக்கோவின் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் டச்சுக்காரரின் பொறியை வாங்கிவந்து, 1866இல் கலப்பில்லாத கொக்கோத் தூளைச் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உணவுக் கலப்படத்தைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த காலம் அது. 'தூய்மை' என்னும் சொல்லே அவர்களுக்கு விளம்பரமாயிற்று; தொழில் நிமிர்ந்தது.

ஜார்ஜ் கேட்பரியின் வாழ்வில் ஆசிரியர்கள் அறிய வேண்டிய பகுதி ஒன்றுண்டு. ஏறத்தாழ 50 ஆண்டுகள், ஞாயிறுதோறும் காலையில் முதியோர் பள்ளியொன்றில் தொழிலாளர்களுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தவர் அவர். மாணவர்களின் இல்லங்களுக்குச் சென்றபோதுதான் பர்மிங்ஹாமின் நெரிசல் மிகுந்த குடிசைப் பகுதிகளைக் கண்ணால் கண்டார். வெளிச்சம் புகாத அறையில் வாழ்பவனிடம் ஒழுக்கத்தைப் போதிப்பதில் பொருளில்லை என்னும் எண்ணம் அங்கே பிறந்தது. 1879இல் தொழிற்சாலை நகரத்திலிருந்து ஏறத்தாழ நான்கு மைல் தொலைவிலிருந்த வயல்வெளிக்கு மாறியது. அதற்கு போர்ன்வில் என்று பெயரிட்டனர். 1893இல் ஜார்ஜ் தம் சொந்தப் பணத்தில் 120 ஏக்கர் நிலம் வாங்கினார். ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டம், பழமரங்கள், விளையாட்டுத் திடல்கள் என்று ஒரு சிற்றூர் எழுந்தது. கேட்பரி ஊழியர்களுக்கு மட்டுமன்றி வெளியாருக்கும் அங்கே வீடு தரப்பட்டது. 1900இல் 300க்கும் மேற்பட்ட வீடுகளோடு அவ்வூரை ஓர் அறக்கட்டளையிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். தம் மாளிகையொன்றையும் 1903இல் சமயக் கல்வி நிலையமாக்கினார்.

நன்னெறிக் கல்விப் பாடநூலில் இக்கதை வருமானால், பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும். நேர்மையாக இருந்தான், செல்வம் வந்தது, பகிர்ந்து கொடுத்தான். ஆனால், ஒரே விலையும் தூய கொக்கோவும் போர்ன்வில்லும் மெய்யாகவே நல்லவை என்றாலும், அவை வணிகத்திற்கும் நன்மை செய்தன. அறமும் ஆதாயமும் ஒரே திசையில் நடந்தவரை நம்பிக்கைக்குச் சோதனை குறைவே. அவை இரண்டும் பிரிந்த இடம் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருந்தது.

சாவோ தோமே, பிரின்சிப்பே என்னும் இரு தீவுகள் அன்று போர்த்துக்கல் நாட்டின் ஆட்சியில் இருந்தன. கேட்பரி வாங்கிய கொக்கோவில் ஏறத்தாழப் பாதி அங்கிருந்தே வந்தது. போர்த்துக்கல் 1870களிலேயே அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்திருந்தது. எனவே, அங்கோலாவின் உட்பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களை 'ஒப்பந்தப் பணியாளர்' என்றே அழைத்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், தாளில் கைந்நாட்டு எல்லாம் முறையாக உண்டு. காலம் முடிந்ததும் ஒப்பந்தம் தானே புதுப்பிக்கப்படும். ஊர் திரும்பியவர் மிக அரிது.

ஒப்பந்தம் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. மலாயாத் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலிகளாக வந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் நம்மில் பலர். அம்முறை 1910இல்தான் ஒழிந்தது. சாவோ தோமேயின் நிலை அதனினும் கொடியது. கடன்பட்டு வந்த நம்மவர்க்குத் திரும்பிச் செல்லும் வழி ஒன்றாவது இருந்தது. ஆயினும், தாளில் எழுதியிருப்பது ஒன்று, தோட்டத்தில் நடப்பது வேறொன்று என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1901இல் ரிச்சர்டின் மகன் வில்லியம் கேட்பரிக்கு இச்செய்தி எட்டியது. முதலில் அது வதந்தியாகவே வந்தது. அதே ஆண்டில் சாவோ தோமேத் தோட்டமொன்றை விற்பதற்கான பட்டியல் அவர் கைக்கு வந்தது. நிலம், கட்டடம், கால்நடை என்னும் சொத்துகளின் வரிசையில் 200 கறுப்பினத் தொழிலாளர்களும் இருந்தார்கள். மதிப்பு 3,555 பவுன். பட்டியலில் விலையோடு மனிதர்கள் இருந்தபின் வேறென்ன சான்று வேண்டும்?

குவேக்கர்கள் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முன்னோடிகள். அவ்வழியில் வந்த குடும்பம் உடனே கொள்முதலை நிறுத்தியிருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர்கள் விசாரணை தொடங்கினார்கள். 1903இல் வில்லியம் லிஸ்பனுக்குச் சென்றார். சீர்திருத்தச் சட்டம் வந்துள்ளது, சற்றுப் பொறுங்கள் என்றார்கள். 1905இல் ஜோசப் பர்ட் என்னும் குவேக்கர், போர்த்துக்கீசிய மொழி கற்றபின் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். இதற்கிடையில் ஹென்றி நெவின்சன் என்னும் இதழாளர் தனியே அங்கோலாவுக்குச் சென்று, நடைபாதையில் கிடந்த விலங்குக் கட்டைகளையும் எலும்புகளையும் கண்டு, 1906இல் 'நவீன அடிமைமுறை' என்று ஒரு நூலே வெளியிட்டுவிட்டார். பர்ட் 1907இல் திரும்பினார்; அவருடைய முடிவும் அதுவே. போர்த்துக்கலின் நட்பைக் கெடுத்துக்கொள்ள விரும்பாத பிரிட்டிஷ் அயலுறவு அலுவலகமோ அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்டது. டிரான்ஸ்வால் தங்கச் சுரங்கங்களுக்கு போர்த்துக்கீசிய மொசாம்பிக்கிலிருந்து ஆட்கள் வேண்டியிருந்தார்கள். கேட்பரியும் காத்திருந்தது. கொக்கோவும் வந்துகொண்டிருந்தது.

1908 செப்டம்பரில் 'ஸ்டாண்டர்ட்' நாளிதழ் தாக்கியது. ஜார்ஜ் கேட்பரி 1901 முதல் 'டெய்லி நியூஸ்' என்னும் இதழின் உரிமையாளர். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் அடிமைகள்போல் நடத்தப்படுவதை அவ்விதழ் கடுமையாகக் கண்டித்திருந்தது. சீனருக்காகக் கண்ணீர் வடித்தவரின் கொக்கோவை யார் பறிக்கிறார்கள் என்று ஸ்டாண்டர்ட் கேட்டது. அரசியல் எதிரியின் நோக்கம் தூயதன்று. ஆனால், நோக்கம் எதுவாயினும் கேள்வி சரியான கேள்வி.

கேட்பரி அவதூறு வழக்குத் தொடுத்தது. வழக்கு நடப்பதற்குள், 1909 மார்ச்சில், கேட்பரி, ஃப்ரை, ரௌன்ட்ரீ ஆகிய மூன்று நிறுவனங்களும் அத்தீவுகளின் கொக்கோவை வாங்குவதை நிறுத்தின. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் பர்மிங்ஹாமில் விசாரணை தொடங்கியது. கேட்பரி தரப்பில் ரூஃபஸ் ஐசக்ஸ். பிற்காலத்தில் ரெடிங் பிரபு என்னும் பெயரில் இந்தியாவின் வைசிராயாக இருந்தவர் இவரே. எதிர்த்தரப்பில் எட்வர்ட் கார்சன். அந்த எட்டு ஆண்டுகளில் உங்கள் கொக்கோவுக்காக மாண்ட அடிமைகள் எத்தனை பேர் என்று கணக்கிட்டதுண்டா என்று கார்சன் வினவினார். வில்லியம் இல்லை என்பதைத் தவிர வேறு விடை சொல்ல இயலவில்லை.

நடுவர் குழு ஒரு மணி நேரத்திற்குள் முடிவு சொல்லிவிட்டது. ஸ்டாண்டர்ட் அவதூறு செய்தது உண்மை. கேட்பரிக்கு இழப்பீடு ஒரு ஃபார்த்திங். அதாவது கால் பென்னி. சட்டம் வெற்றியைக் கொடுத்தது, பன்னிரண்டு சாமானியர்கள் அதன் மதிப்பை எழுதிவிட்டார்கள்!

கேட்பரி குடும்பத்தார் வேடதாரிகள் என்று நான் கருதவில்லை. வேடதாரி தன் செலவில் ஆளனுப்பித் தனக்கெதிரான சான்றைத் திரட்டமாட்டான். நாங்கள் விலகிவிட்டால் மனச்சான்றில்லாத வேறொருவர் வாங்குவார், போர்த்துக்கீசியரிடம் எங்களுக்குள்ள செல்வாக்கும் போய்விடும் என்ற அவர்களுடைய வாதத்திலும் ஓரளவு உண்மை உண்டு. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஒருமித்த கருத்து வரும்வரை மௌனமாகக் காத்திருப்பதும், எதிராளியைக் கடிந்துகொள்ளாமல் மெல்ல இணங்க வைப்பதும் குவேக்கர் சமயத்தின் உயர்ந்த பண்புகள். ஒரு கூட்ட அறையில் அவை உயர்ந்தவைதாம். சாவோ தோமேயில் அப்பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் பர்மிங்ஹாமில் அமர்ந்திருக்கவில்லை. ஒரு குவேக்கர் நொடித்தால் சபை கணக்குக் கேட்கும். அங்கோலாவிலிருந்து வந்தவருக்காகக் கணக்குக் கேட்க எந்தச் சபையிலும் ஆளில்லை. ஆதாயமும் பொறுமையும் ஒரே பக்கம் நின்றபோது, தாம் காத்திருப்பது நம்பிக்கையினாலா, ஆதாயத்தினாலா என்று அவர்களாலேயே பிரித்தறிய முடிந்திருக்குமா என்பது ஐயமே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில் சிறு விவசாயிகள் தம் சொந்த நிலத்தில் கொக்கோ பயிரிடத் தொடங்கியிருந்தார்கள். மாற்றுக் கொக்கோ கிடைக்கும் என்ற நிலை உருவான காலத்தில்தான் கொள்முதல் நிறுத்தமும் வந்தது. 1910களின் தொடக்கத்தில் கோல்ட் கோஸ்ட் உலகிலேயே மிகுதியாகக் கொக்கோ விளைவிக்கும் நாடாகிவிட்டது. வில்லியம் கேட்பரி தாம் கண்டவற்றை 1910இல் நூலாக எழுதி வெளியிட்டார்.

ஜார்ஜ் கேட்பரி 1922இல் காலமானார். நிறுவனம் 1969இல் ஷ்வெப்ஸுடன் இணைந்தது. பின்னர் பிரிந்து, 2010இல் அமெரிக்காவின் கிராஃப்ட் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. போர்ன்வில் வீடுகள் அவ்விற்பனையில் சேரவில்லை. 1900இலேயே அவை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டதால், கிராஃப்ட் வாங்குவதற்கு அவை கேட்பரியிடம் இல்லை.