முன்பக்கம் மோதினால் மின்சார காரின் பேட்டரி என்ன ஆகும்? எளிய விளக்கம்

மின்சார கார் வாங்கலாம்னு ஷோரூம் பக்கம் போனால், ரேஞ்ச் எவ்வளவு, சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் என்ற கேள்விகளுக்கு உடனே பதில் கிடைத்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி வேறு: "எங்கயாவது போய் மோதிட்டா, அந்த பேட்டரி தீப்பிடிக்காதா?"

நியாயமான பயம்தான். அதைத் தடுக்க காரின் முன்பக்கம் எப்படி வடிவமைக்கப்படுகிறது, அந்தப் பாதுகாப்பை நாமே எப்படிக் கெடுத்துவிடுகிறோம் என்று பார்ப்போம்.

முன்பக்கம் ஏன் நசுங்க வேண்டும்?

மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது, சுமார் 16 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது ஐந்து மாடி. அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். முன்பக்கம் 60 செ.மீ. நசுங்கி கார் நின்றால், உள்ளே இருப்பவர் மீது விழும் விசை சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 27 மடங்கு. 30 செ.மீ. மட்டுமே நசுங்கினால் அது 54 மடங்கு.

அதனால்தான் பம்பருக்குப் பின்னால் 'கிராஷ் பாக்ஸ்' என்ற இரண்டு உலோகப் பெட்டிகள் இருக்கின்றன. மோதும்போது முதலில் மடிவது அவைதான். அதற்குப் பின்னால் நீளவாக்கில் போகும் இரண்டு சட்டங்கள் அடுத்த கட்டமாக மடியும். பயணிகள் உட்காரும் பகுதி மட்டும் மடியவே கூடாது. அங்கே மிக வலுவான எஃகு பயன்படுத்தப்படுகிறது.

பெட்ரோல் காருக்கும் மின்சார காருக்கும் என்ன வித்தியாசம்?

பெட்ரோல் காரில் இன்ஜின் ஒரு பெரிய இரும்புக் கட்டி. அது நசுங்காது. மின்சார மோட்டார் அளவில் சிறியது, தாழ்வாகவும் வைக்கலாம். எனவே நசுங்க அதிக இடம் கிடைக்கும். இது சாதகம்.

பாதகங்கள் மூன்று:

- எடை: பேட்டரியால் காரின் எடை கூடுகிறது. எடை கூடினால், அதே வேகத்தில் தாங்க வேண்டிய ஆற்றலும் கூடும்.
- தரைப்பகுதி: பேட்டரி, இருக்கைகளுக்கு அடியில் பாய் விரித்த மாதிரி இருக்கிறது. முன்பக்கச் சட்டங்களை நேராகப் பின்னால் நீட்ட வழியில்லை.
- உயர் மின்னழுத்தம்: இன்வெர்ட்டர், சார்ஜர், ஆரஞ்சு நிற கேபிள்கள் எனப் பல பாகங்கள் பானட்டுக்கு அடியில் இருக்கலாம்.

விசையைத் திருப்பிவிடுவது எப்படி?

இங்கதான் விஷயமே இருக்கு. முன்னாலிருந்து வரும் விசை பேட்டரிப் பெட்டியின் மீது நேராகப் பாய்ந்தால், உள்ளே இருக்கும் செல்கள் நசுங்கலாம். செல்லுக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆனால் சூடேறும். அந்தச் சூடு பக்கத்து செல்லுக்குப் பரவும். இந்தத் தொடர் சூடேற்றத்தைத்தான் 'தெர்மல் ரன்அவே' என்கிறார்கள்.

ஆற்றுக்கு நடுவே பாறை இருந்தால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போகுமே, அதே ஏற்பாடுதான் இங்கேயும். பேட்டரிக்கு முன்னால் ஒரு வலுவான குறுக்குச் சட்டம். அது விசையை இரு பக்கமும் பிரித்து, கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டங்களுக்கு அனுப்பிவிடும். சில வடிவமைப்புகளில், மோட்டாரைத் தாங்கும் சட்டம் மோதலின்போது கழன்று கீழ்நோக்கி நகரும். மோட்டார் பின்னால் வந்து பேட்டரியைக் குத்தாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. கேபிள்களும் சட்டங்களுக்கு இடையே சிக்கி நசுங்காத பாதையில் போக வேண்டும்.

மின்சாரம் எப்போது துண்டிக்கப்படும்?

மோதலை உணர்ந்ததும் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவி பேட்டரிக்கும் சிக்னல் அனுப்பும். உடனே 'கான்டாக்டர்' எனப்படும் பெரிய சுவிட்சுகள் திறந்துகொள்ளும். சில கார்களில் சிறு வெடிமருந்தால் இணைப்பையே அறுத்துவிடும் 'பைரோ ஃபியூஸ்' உண்டு.

முன்பக்க மோதலுக்கான ஐ.நா. விதி எண் 94, மோதலுக்குப் பின் உள்ளே இருப்பவர்களுக்கு மின்அதிர்ச்சி ஆபத்து இருக்கக் கூடாது என்கிறது. நேர்மின்னழுத்தம் 60 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவது அதை நிரூபிக்க ஒரு வழி. இந்தியாவின் ஏஐஎஸ்-098 தரநிலை இந்த விதியை ஒட்டியதுதான்.

2023-இல் ஜெர்மனியில் மெர்சிடிஸ் நிறுவனம் தன் ஈக்யூஏ, ஈக்யூஎஸ் எஸ்யூவி என்ற இரண்டு மின்சார கார்களை மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டுக் காட்டியது. இரண்டிலும் உயர் மின்னழுத்த அமைப்பு தானாகவே துண்டிக்கப்பட்டது.

5 ஸ்டார் இருந்தால் போதுமா?

2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்சிஏபி திட்டத்தில், காரின் முன்பக்க அகலத்தில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் படும்படி மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிடுகிறார்கள். மஹிந்திராவின் எக்ஸ்இவி 9இ, பெரியவர்கள் பாதுகாப்பில் 32-க்கு 32 புள்ளிகள் பெற்றது. ஆக, மின்சார கார் என்பதால் பாதுகாப்பு குறையும் என்று சொல்ல முடியாது.

ஆனால் ஸ்டார்கள் முக்கியமாக உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்பைச் சொல்பவை. மோதிய காரை அடுத்த வாரம் என்ன செய்வது என்பதை அவை சொல்லாது. 2011-இல் அமெரிக்காவில் பக்கவாட்டு மோதல் சோதனைக்கு உட்பட்ட ஒரு செவ்ரோலே வோல்ட் கார், சுமார் மூன்று வாரம் கழித்து, நிறுத்தி வைத்திருந்த இடத்தில் தீப்பிடித்தது. அதன் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் பேட்டரியைச் சுற்றிய கட்டமைப்பை வலுப்படுத்தியது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

- புல் பார் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு இது எதிரானது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சட்டத்தோடு இறுக்கி மாட்டிய இரும்புக் கம்பி, கிராஷ் பாக்ஸ் மடிய வேண்டிய விதத்தையே மாற்றிவிடும். ஏர்பேக் சென்சாரின் கணக்கும் தப்பலாம்.
- "தட்டி நேராக்கிக் கொடுங்க" என்று சொல்லாதீர்கள். ஒருமுறை மடிந்த கிராஷ் பாக்ஸ் அடுத்த முறை அதே மாதிரி மடியாது. புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.
- விபத்து நடந்தால் முடிந்தவரை காரை ஆஃப் செய்துவிட்டு வெளியே வந்து விலகி நில்லுங்கள். ஆரஞ்சு கேபிளைத் தொடாதீர்கள். 112-ஐ அழைக்கும்போது மின்சார கார் என்பதையும் சொல்லுங்கள்.
- பலமாக மோதிய காரை அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிறுத்தாதீர்கள். கட்டடங்களிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் சுமார் 15 மீட்டர் தள்ளி, திறந்தவெளியில் நிறுத்தச் சொல்கின்றன அமெரிக்க வழிகாட்டுதல்கள்.
- சர்வீஸ் சென்டரில் வண்டியைத் திரும்ப எடுக்கும் முன், பேட்டரிப் பெட்டியையும் மின்காப்பையும் சோதித்த அறிக்கையை எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். பம்பரும் பெயின்ட்டும் புதுசாக இருப்பதை வைத்து உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.