ஜூலியன் பாண்ட்

ஜூலியன் பாண்ட் (1940–2015): அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராளி, ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்தில் இருபது ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை, அவர் கொண்ட கருத்துக்காக அவை வாசலிலேயே நிறுத்திவிட முடியாது என்பது இவருடைய வழக்கில்தான் நிலைநாட்டப்பட்டது.

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் 1940 ஜனவரி 14 அன்று பிறந்தார். தந்தை ஹொரஸ் மான் பாண்ட் பெயர்பெற்ற கல்வியாளர். 1957இல் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்த பாண்ட், 1960இல் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். கல்லூரியை இடையில் விட்டுவிட்டு அக்குழுவின் செய்தித் தொடர்புப் பணியை ஏற்றார்.

நீதிமன்ற ஆணைப்படி ஜார்ஜியாவின் தொகுதிகள் திருத்தி அமைக்கப்பட்டபின் 1965இல் நடந்த தேர்தலில், அட்லாண்டாவிலிருந்து கீழவைக்கு வென்றார். வயது 25. பதவியேற்பதற்குச் சில நாட்களுக்கு முன், 1966 ஜனவரி 6 அன்று, அவருடைய இயக்கம் வியட்நாம் போரைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. கட்டாய ராணுவச் சேவைக்குப் போக மறுப்பவர்களுக்கு ஆதரவும் தெரிவித்தது. அதை எழுதியவர் பாண்ட் அல்லர். ஆனாலும் செய்தியாளர்கள் கேட்டபோது, தமக்கும் அதுவே கருத்து என்றார். ஜனவரி 10 அன்று, உறுதிமொழி ஏற்க வந்து நின்றவருக்கு இடமளிக்க மறுத்து அவை 184க்கு 12 என்று வாக்களித்தது. நாட்டுப்பற்று இல்லாதவர் அரசமைப்பைக் காப்பதாக உண்மையாக உறுதி கூற முடியாது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். உண்மையில் அன்று அவமதிக்கப்பட்டவர்கள் அவருக்கு வாக்களித்த மக்களே. அத்தொகுதியில் குடியிருந்த மார்ட்டின் லூதர் கிங் அவருக்காகக் கண்டனப் பேரணி நடத்தினார்.

காலியானதாக அறிவிக்கப்பட்ட இடத்துக்கு இடைத்தேர்தல் வந்தது. மக்கள் மீண்டும் பாண்டையே அனுப்பினர். அவருக்கு மீண்டும் இடம் மறுக்கப்பட்டது. நவம்பர் பொதுத்தேர்தலிலும் அவரே வென்றார். கீழ் நீதிமன்றத்தில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்ற வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1966 டிசம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றனர். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பு, குடிமகனுக்குள்ள பேச்சுரிமையில் சட்டமன்ற உறுப்பினருக்கு எதுவும் குறைவில்லை என்றது. சிக்கலான விவகாரங்களில் தம் நிலையை வெளிப்படச் சொல்வது அவருடைய கடமை என்றும் வலியுறுத்தியது. பேச்சுரிமை வரலாற்றில் இன்னும் அதிகம் பேசப்படவேண்டிய தீர்ப்பு இது.

1967 ஜனவரியில் அவர் பதவியேற்றார். 1968இல் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. அதற்கு 35 வயது நிரம்பவேண்டும் என்பதால் விலகிக்கொண்டார். விட்டுவந்த பட்டப்படிப்பை 1971இல் முடித்தார். அதே ஆண்டில் தொடங்கிய தென்பகுதி வறுமை ஒழிப்புச் சட்ட மையத்தின் முதல் தலைவருமானார்.

1975 முதல் 1987 வரை மாநில மேலவையில் இருந்தார். அட்லாண்டாவில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி வேண்டுமென்று 1981இல் மசோதா கொண்டுவந்தார். நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின்னரே அது கைகூடியது. 1986இல் அத்தொகுதியின் வேட்பாளர் தேர்வில், பழைய தோழர் ஜான் லூயிஸிடம் இரண்டாம் சுற்றில் தோற்றார். கசப்பான போட்டி அது. அத்துடன் அவருடைய தேர்தல் வாழ்க்கை முடிந்தது.

பின்னர் பல்கலைக்கழகங்களில் கற்பித்தார். 1998 முதல் 2010 வரை, கறுப்பின மக்களின் பழம்பெரும் அமைப்பான தேசிய முன்னேற்றச் சங்கத்துக்குத் தலைமை வகித்தார். 2015 ஆகஸ்ட் 15 அன்று ஃபுளோரிடாவில் 75ஆம் வயதில் காலமானார்.